ஆசிரியர்க்கும் ஒரு பள்ளி

கற்றல் மாணவர்க்கு மட்டும் உரியதன்று; கற்பிப்பவர்க்கும் உரியது. அதிலும் சுற்றுச்சூழல் நாள்தோறும் மாறிவருவது. ஆதலின், அதனைக் கற்பிக்கும் ஆசிரியர் பட்டம் பெற்ற நாளோடு தம் கல்வியை நிறுத்திவிடலாகாது. 1977ஆம் ஆண்டு திபிலீசி நகரிற் கூடிய உலக மாநாடு, பணிபுரியும் ஆசிரியர்க்கும் சூழற்கல்விப் பயிற்சி வேண்டும் என வற்புறுத்தியது. நம் உச்ச நீதிமன்றம் 1991இல் இப்பாடத்தைப் பள்ளிகளிற் கட்டாயமாக்கப் பணித்தது. 2001இல் தேசியப் பசுமைப்படை தொடங்கப்பெற்றது. அதன்வழிப் பள்ளிகளில் சூழல் மன்றங்கள் அமைந்தன. அவற்றின் பொறுப்பாசிரியர்கள் பயிற்சி பெறலாயினர்.

இப்பயிற்சியின் தேவையைப் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களைக் கொண்டு காண்போம்.

பருத்தியும் சோளமும் விளையும் இக்கரிசல் நிலப்பகுதி, பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியிற் கிடந்தது. சாத்தனூர் ஓடையில் ஏறத்தாழ 18 மீட்டர் நீளமுள்ள மரமொன்று கல்லாய்க் கிடக்கின்றது. காரை என்னும் ஊரருகே, இன்று உலகில் எங்கும் வாழாத கடலுயிர்களின் சுருள் ஓடுகள் மண்ணிற் புதைந்துள்ளன. பயிற்சி பெறாத கண்ணுக்கு இவை வெறுங்கற்களே. பயின்ற கண்ணுக்கோ ஏட்டில் எழுதாத வரலாறு.

அக்கடல் விட்டுச்சென்ற செல்வமே சுண்ணாம்புக்கல். அதனை அகழ்ந்து அரியலூர் ஆலைகள் சிமிட்டி செய்கின்றன. "என் தந்தைக்குக் கூலி தருவது சுரங்கம், எங்கள் வயலிற் புழுதி படிவிப்பதும் சுரங்கமே. அது நன்றா, தீதா?" என்று ஒரு மாணவன் வினவினால் ஆசிரியர் என்ன விடை கூறுவார்? தீர்ப்புரைப்பது அவர்தம் கடமையன்று. கிணற்றின் நீர்மட்டத்தை அளக்கவும், இலைமேற் படிந்த தூசியை நோக்கவும், பெரியோரை வினவிக் குறித்துக்கொள்ளவும் மாணவனைப் பழக்குவதே கடமை. அதற்கு அவர் தாமே முன்னர்ப் பழகியிருத்தல் வேண்டும்.

ஒருநாட் பயிற்சி இதற்குப் போதாது. 2024இல் ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பெற்ற கரைவெட்டி ஏரியை நோக்குங்கள். இமயத்தைக் கடந்து வரித்தலை வாத்துகள் குளிர்காலத்தில் அங்கு வருகின்றன. ஒருமுறை சென்றவர் பறவைகளைக் காண்பார். ஆண்டுதோறும் செல்பவரே அவற்றின் வரவு பெருகிற்றா, குறைந்ததா என்பதை அறிவார்.

மாணவர்களே! உங்கள் ஆசிரியர் கையிற் குறிப்பேட்டுடன் ஏரிக்கரையில் நிற்கக் கண்டால், அவரும் பள்ளிக்கு வந்துள்ளார் என்று அறிமின். நீங்களும் அவர் அருகிற் சென்று நில்லுங்கள்.