வூடி ஸ்ட்ரோட்

வூடி ஸ்ட்ரோட் (ஜூலை 25, 1914 – டிசம்பர் 31, 1994) அமெரிக்கத் திரைப்படக் குணச்சித்திர நடிகரும் கால்பந்து வீரரும் ஆவார். இவரது முழுப்பெயர் உட்ரோ வில்சன் வூல்வைன் ஸ்ட்ரோட். 1946-ல் அமெரிக்கத் தேசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் நிறத்தடையை உடைத்த கறுப்பின வீரர்களுள் இவரும் ஒருவர். பின்னர் திரைக்கு வந்த இவர், இயக்குநர் ஜான் ஃபோர்டின் படங்களிலும் ‘ஸ்பார்டகஸ்’, ‘த புரொபஷனல்ஸ்’, ‘ஒன்ஸ் அபான் எ டைம் இன் த வெஸ்ட்’ முதலிய படங்களிலும் நடித்துப் புகழ் பெற்றார். கறுப்பின மக்களை ஏறத்தாழ மறந்துவிட்டிருந்த கௌபாய் படங்களில் அவர்களைக் கண்ணியத்தோடு நிற்கவைத்த முன்னோடிகளுள் ஒருவராக இவர் மதிக்கப்படுகிறார்.

பின்னணி

1865-ல் உள்நாட்டுப் போர் முடிந்த பிறகு விடுதலை பெற்ற கறுப்பின மக்களில் பலர் அமெரிக்காவின் மேற்குப் பகுதிக்குச் சென்றனர். அங்கே மாட்டு மந்தைகளை ஓட்டிச் சென்ற கௌபாய்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் கறுப்பினத்தவர் என்று வரலாற்று ஆய்வாளர்கள் மதிப்பிடுகின்றனர். 1866-ல் தொடங்கப்பட்ட 9-ஆவது, 10-ஆவது குதிரைப்படைப் பிரிவுகள் கறுப்பின வீரர்களைக் கொண்டவை. இவர்கள் ‘எருமை வீரர்கள்’ என்று அழைக்கப்பட்டனர். ஆனால் ஹாலிவுட் பல்லாண்டுகளாக எடுத்த கௌபாய் படங்களில் இவர்களைக் காண்பது அரிது. கறுப்பின நடிகர்களுக்குச் சமையற்காரர், பணியாள் போன்ற வேடங்களே பெரும்பாலும் கிடைத்தன. இந்தச் சூழலில்தான் ஸ்ட்ரோட் திரைத்துறைக்கு வந்தார்.

இளமையும் கல்வியும்

ஸ்ட்ரோட் கலிபோர்னியா மாநிலத்தின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் பிறந்தார். ஆப்பிரிக்க அமெரிக்க மரபோடு அமெரிக்கப் பழங்குடி மரபும் இவரது குடும்பத்தில் கலந்திருந்தது. 6 அடி 4 அங்குல உயரம் கொண்ட இவர், பள்ளிப் பருவத்திலேயே தடகளத்திலும் கால்பந்திலும் சிறந்து விளங்கினார். யு.சி.எல்.ஏ. எனப்படும் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் சேர்ந்து, பத்து தடகளப் போட்டிகள் அடங்கிய டெகாத்லானிலும் பயிற்சி பெற்றார்.

பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்தில் 1939-ஆம் ஆண்டின் யு.சி.எல்.ஏ. அணி பெரிதும் பேசப்பட்டது. கென்னி வாஷிங்டன், ஜாக்கி ராபின்சன், ரே பார்ட்லெட், வூடி ஸ்ட்ரோட் என நான்கு கறுப்பின வீரர்கள் அதில் இடம்பெற்றிருந்தனர். பெரிய பல்கலைக்கழக அணிகள் பலவற்றில் ஒரு கறுப்பினத்தவர்கூட இல்லாத காலம் அது. அந்தப் பருவத்தில் யு.சி.எல்.ஏ. ஒரு போட்டியிலும் தோற்கவில்லை.

நிறத்தடையை உடைத்தல்

தேசியக் கால்பந்துக் கூட்டமைப்பில் 1934 முதல் 1945 வரை ஒரு கறுப்பின வீரரும் ஆடவில்லை. இதற்கு எழுதப்பட்ட விதி எதுவும் இல்லை. அணி உரிமையாளர்களுக்கு இடையே இருந்த புரிதலே தடையாக நின்றது. 1946-ல் கிளீவ்லாந்து நகரின் ராம்ஸ் அணி லாஸ் ஏஞ்சலஸுக்கு இடம் மாறியது. அந்த அணி ஆட விரும்பிய கொலீசியம் மைதானம் பொதுச் சொத்து. மக்களின் வரிப்பணத்தில் கட்டப்பட்ட இடத்தில் ஒரு பகுதி மக்களை விலக்கிவைத்து ஆடக்கூடாது என்று கறுப்பினப் பத்திரிகையாளர்கள் வாதிட்டனர். இதன் விளைவாக ராம்ஸ் அணி முதலில் கென்னி வாஷிங்டனையும், அடுத்து அவருடைய நண்பர் ஸ்ட்ரோடையும் ஒப்பந்தம் செய்தது. பேஸ்பால் விளையாட்டில் ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காகக் களமிறங்கியதற்கு ஓர் ஆண்டு முன்பே இது நடந்தது.

ஸ்ட்ரோடுக்கு அப்போது வயது 32. ஆட்டக்காரரின் சிறந்த ஆண்டுகள் கடந்துவிட்டிருந்தன. களத்தில் அவருக்கு மிகக் குறைந்த வாய்ப்பே தரப்பட்டது. சில ஊர்களில் அணியின் மற்ற வீரர்கள் தங்கிய விடுதியில் இவர்கள் இருவரும் தங்க முடியவில்லை. ஒரே பருவத்துக்குப் பின் ஸ்ட்ரோட் விடுவிக்கப்பட்டார். சொர்க்கத்தில் நுழைவதற்கும் இப்படி ஒரு தடையைத் தாம் உடைக்க வேண்டியிருக்குமானால் அங்கே போக விரும்பவில்லை என்று பின்னாளில் அவர் மனக்கசப்போடு கூறியதுண்டு.

இதன்பின் அவர் கனடாவுக்குச் சென்று கால்கரி ஸ்டாம்பீடர்ஸ் அணியில் சேர்ந்தார. 1948-ல் அந்த அணி தோல்வியே காணாமல் கிரே கோப்பையை வென்றது. ஒட்டாவா அணிக்கு எதிரான இறுதிப் போட்டியில், எதிரணி தவறவிட்ட பந்தை எடுத்துக்கொண்டு ஸ்ட்ரோட் ஓடிய ஓட்டம் வெற்றிக்கு வழிவகுத்தது.

திரையுலக நுழைவு

கால்பந்துக்குப் பிறகு தொழில்முறை மல்யுத்தம் ஸ்ட்ரோடின் பிழைப்பாயிற்று. 1941-ல் வெளிவந்த ‘சன்டவுன்’ படத்திலேயே சிறு வேடம் ஏற்றிருந்தாலும், 1950-களில்தான் அவருக்குத் திரை வாய்ப்புகள் தொடர்ந்து வந்தன. அவையும் உடற்கட்டைக் காட்டும் வேடங்களாகவே இருந்தன. தமிழ் காமிக்ஸ் வாசகர்களுக்கு நன்கு அறிமுகமான மந்திரவாதி மாண்ட்ரேக்கின் தோழன் லோதார் வேடத்தில், 1954-ல் எடுக்கப்பட்ட ஒரு தொலைக்காட்சி முன்னோட்டப் படத்தில் அவர் நடித்தார். 1956-ல் வந்த ‘த டென் கமாண்ட்மென்ட்ஸ்’ படத்தில் எத்தியோப்பிய அரசராகத் தோன்றினார்.

ஸ்பார்டகஸ்

1960-ஆம் ஆண்டு ஸ்ட்ரோடின் வாழ்வில் திருப்புமுனையாக அமைந்தது. ஸ்டான்லி குப்ரிக் இயக்கிய ‘ஸ்பார்டகஸ்’ படத்தில் டிராபா என்னும் எத்தியோப்பிய அடிமை வீரனாக அவர் நடித்தார். ரோமானியப் பிரபுக்களின் பொழுதுபோக்குக்காக டிராபாவும் ஸ்பார்டகஸும் சாகும்வரை மோதவேண்டும். வலையும் திரிசூலமும் ஏந்திய டிராபா வெல்கிறான். சூலம் ஸ்பார்டகஸின் கழுத்தருகே நிற்கிறது. ஆனால் அவன் குத்தவில்லை. சூலத்தை மேலே அமர்ந்திருக்கும் பிரபுக்களை நோக்கி எறிந்து, அவர்கள் மேல் பாய முயன்று கொல்லப்படுகிறான். அடிமைகளின் கிளர்ச்சிக்கு வித்திடுவது இந்த மரணமே. டிராபா பேசும் சொற்கள் மிகக் குறைவு. இந்த வேடத்துக்காக ஸ்ட்ரோட் சிறந்த துணை நடிகருக்கான கோல்டன் குளோப் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார்.

ஜான் ஃபோர்டுடன்

அதே ஆண்டில் ஜான் ஃபோர்டின் ‘சார்ஜென்ட் ரட்லெட்ஜ்’ வெளியானது. 9-ஆவது குதிரைப்படையைச் சேர்ந்த கறுப்பின சார்ஜென்ட் ஒருவர் மீது, வெள்ளையினப் பெண்ணை வன்புணர்ந்து கொன்றதாகவும் அவளுடைய தந்தையைக் கொன்றதாகவும் குற்றம் சாட்டப்படுகிறது. இராணுவ நீதிமன்ற விசாரணையின் ஊடாகக் கதை விரிகிறது. படத்தின் தலைப்புப் பாத்திரத்தை ஏற்றவர் ஸ்ட்ரோட். படநிறுவனம் ஏற்கெனவே பெயர்பெற்ற ஒரு கறுப்பின நடிகரை விரும்பியபோதும், ஃபோர்ட் ஸ்ட்ரோடே வேண்டும் என்று உறுதியாக நின்றார். ஆயினும் நடிகர் பட்டியலில் முதலிடம் வழக்கறிஞராக வரும் வெள்ளையின நடிகர் ஜெஃப்ரி ஹன்டருக்கே தரப்பட்டது.

கறுப்பின மாணவர்கள் தென்மாநில உணவகங்களில் அமர்ந்து சம உரிமை கேட்டுப் போராடத் தொடங்கியதும் அதே 1960-ல்தான். அந்த நேரத்தில், தப்பிச் செல்ல வாய்ப்பிருந்தும் தன் படையினரைக் காக்கத் திரும்பி வரும் கறுப்பின வீரனை இப்படம் காட்டியது. ஆற்றைக் கடந்து குதிரையில் விரையும் காட்சியில், தம் இனம் முழுவதையுமே சுமந்து அக்கரை சேர்த்ததுபோல் உணர்ந்ததாக ஸ்ட்ரோட் பெருமையோடு சொன்னார்.

1962-ல் வந்த ‘த மேன் ஹூ ஷாட் லிபர்ட்டி வேலன்ஸ்’ படத்தில் அவருக்குக் கிடைத்தது சிறிய வேடம். ஜான் வெய்ன் நடித்த டாம் டோனிஃபன் என்பவரின் பண்ணையாள் பாம்பி. வகுப்பறைக் காட்சியில் லிங்கன் படத்தின் முன் நின்று அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தைச் சொல்லும் பாம்பி, மனிதர் அனைவரும் சமம் என்ற இடத்தில் மறந்து தடுமாறுகிறான். பலரும் மறந்துவிடும் பகுதி அது என்கிறார் ஆசிரியர். சற்று நேரத்தில் டோனிஃபன் வந்து பாம்பியை வேலைக்கு அழைத்துக்கொள்கிறான். ஊர் மக்கள் வாக்களிக்கும்போது பாம்பி துப்பாக்கியுடன் வெளியே அமர்ந்திருக்கிறான். மதுக்கடையில் அவனுக்கு மது ஊற்ற மறுக்கிறார்கள். ஆனால் வேலன்ஸைச் சுட்டது யார் என்ற உண்மை அவனுக்குத் தெரியும். துப்பாக்கியை எடுத்துக் கொடுத்ததே அவன்தான். படத்தின் மைய இரகசியத்தைச் சுமக்கும் அவனிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. இது கறுப்பினத்தவரை ஓரத்தில் நிறுத்தும் பாத்திரம் என்று குறைகூறுவோரும், அந்த ஓரத்தையே கண்முன் நிறுத்தும் பாத்திரம் என்று பாராட்டுவோரும் உண்டு.

‘டூ ரோட் டுகெதர்’ படத்தில் கொமான்சி வீரனாகவும், ‘செவன் விமன்’ படத்தில் மங்கோலியனாகவும் ஃபோர்ட் இவரை நடிக்க வைத்தார். இருவரின் நட்பு இறுதிவரை நீடித்தது. 1973-ல் ஃபோர்ட் இறந்தபோது ஸ்ட்ரோட் அருகில் இருந்தார்.

பிற்காலப் படங்கள்

1966-ல் ரிச்சர்ட் புரூக்ஸ் இயக்கிய ‘த புரொபஷனல்ஸ்’ படத்தில் பர்ட் லங்காஸ்டர், லீ மார்வின், ராபர்ட் ரயன் ஆகியோருடன் நால்வரில் ஒருவராக, தடம் காண்பதிலும் வில் எய்வதிலும் வல்லவராக நடித்தார். 1968-ல் செர்ஜியோ லியோனியின் ‘ஒன்ஸ் அபான் எ டைம் இன் த வெஸ்ட்’ படத்தின் தொடக்கத்தில், தொடர்வண்டிக்காகக் காத்திருக்கும் மூன்று கொலையாளிகளுள் ஒருவராக வருகிறார். மேலிருந்து சொட்டும் நீர் அவரது தொப்பியில் விழுகிறது. அவர் நகர்வதில்லை. நீர் சேர்ந்தபின் தொப்பியைக் கழற்றி அதைக் குடிக்கிறார். வசனமே இல்லாத இந்தக் காட்சி அவரது நடிப்பு முறைக்கு நல்ல எடுத்துக்காட்டு.

ஹாலிவுட் அரிதாகவே தந்த முதன்மை வேடம் இத்தாலியில் கிடைத்தது. வலேரியோ சுர்லினி இயக்கி 1968-ல் வெளியான, ஆங்கிலத்தில் ‘பிளாக் ஜீசஸ்’ எனப்பட்ட படத்தில், காங்கோ தலைவர் பாட்ரிஸ் லுமும்பாவை நினைவூட்டும் ஆப்பிரிக்கத் தலைவராக நடித்தார். தொடர்ந்து பல இத்தாலியப் படங்களில் இடம்பெற்றார்.

தனி வாழ்க்கையும் மறைவும்

ஹவாய் மரபைச் சேர்ந்த லுவானாவை ஸ்ட்ரோட் மணந்தார். இவர்களுக்கு ஒரு மகனும் ஒரு மகளும் உண்டு. 1980-ல் லுவானா மறைந்தார். ஸ்ட்ரோடின் தன்வரலாறான ‘கோல் டஸ்ட்’ 1990-ல் வெளியானது. நுரையீரல் புற்றுநோயால் 1994 டிசம்பர் 31 அன்று கலிபோர்னியாவின் கிளென்டோராவில் அவர் காலமானார். மறைவுக்குப் பின் 1995-ல் வெளியான ‘த குயிக் அண்ட் த டெட்’ படம் அவருக்குக் காணிக்கையாக்கப்பட்டது.

தாக்கம்

ஸ்ட்ரோட் நடித்தவற்றில் பெரும்பாலானவை சில நிமிட வேடங்களே. ஆனால் அவருக்குப் பின் வந்த கறுப்பின நடிகர்கள் குதிரையேறி நடிக்கும் பாதையை அவை திறந்தன. கறுப்பினக் கௌபாய்களைப் பற்றி மாரியோ வான் பீபிள்ஸ் 1993-ல் எடுத்த ‘போஸி’ படத்தில், மறக்கப்பட்ட அந்த வரலாற்றைச் சொல்லும் முதியவராக ஸ்ட்ரோடே தோன்றினார். 1995-ல் வந்த ‘டாய் ஸ்டோரி’ படத்தின் கௌபாய் பொம்மை வூடியின் பெயரும் இவரிடமிருந்தே பெறப்பட்டது.

தேர்ந்தெடுத்த திரைப்படங்கள்

1956 – த டென் கமாண்ட்மென்ட்ஸ்
1960 – சார்ஜென்ட் ரட்லெட்ஜ்
1960 – ஸ்பார்டகஸ்
1961 – டூ ரோட் டுகெதர்
1962 – த மேன் ஹூ ஷாட் லிபர்ட்டி வேலன்ஸ்
1966 – செவன் விமன்
1966 – த புரொபஷனல்ஸ்
1968 – பிளாக் ஜீசஸ்
1968 – ஒன்ஸ் அபான் எ டைம் இன் த வெஸ்ட்
1976 – கியோமா
1993 – போஸி
1995 – த குயிக் அண்ட் த டெட்