ஆணியில் தொங்கும் பை

ஐப்பசி பிறந்தால் ஒரகடம் பக்கத்து லைன் வீடுகளில் ஒரு பை மேலே ஏறிவிடும். ஜவுளிக் கடைக் கட்டைப் பை. உள்ளே ஒரு பிளாஸ்டிக் கவர். அதற்குள் ஆதார், பாஸ்புக், ஐ.டி.ஐ. மார்க் ஷீட், கம்பெனி ஐ.டி. கார்டு. கைக்கு எட்டுகிற ஆக உயரமான ஆணியில் அதை மாட்டி வைத்திருப்பார்கள். பத்துக்குப் பத்து அறை, தகரக் கூரை, நான்கைந்து பேர். பகல் ஷிஃப்டுக்குப் போனவர் விட்ட பாயில் இரவு ஷிஃப்ட் முடித்தவர் வந்து படுப்பார். பாய் நனைந்தால் உதறிக் காயப்போடலாம். அந்தப் பை நனையக் கூடாது.

இந்த வீடுகளில் பலவும் ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த நிலத்தின் மேல் எழுந்தவை. வயல் என்றாலே பள்ளம்தானே? மழைத் தண்ணீர் பழைய வழியைத் தேடி வந்து வாசற்படி ஏறுகிறது. வடிந்த பிறகு யாருக்கு என்ன கிடைக்கும் என்பதை அந்தப் பைக்குள் இருக்கும் காகிதங்கள் முடிவு செய்கின்றன.

மேலே ஏரி, கீழே ஆறு

ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஏரிகள் நிரம்பி வழிந்தால் உபரி செம்பரம்பாக்கத்துக்குப் போகும். ஒரகடம், படப்பை, மணிமங்கலம், ஆதனூர்ப் பக்கத்துத் தண்ணீர் அடையாற்றில் சேரும். ஒன்றின் கலங்கல் இன்னொன்றின் வரத்து என்று சங்கிலியாகக் கோத்த ஏரிகள் இவை. அந்தச் சங்கிலியின் நடுவேதான் இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், வல்லம் வடகால் சிப்காட் தொழிற்பேட்டைகள் முளைத்தன.

2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் 24 மணி நேரத்துக்குள் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. மழை கொட்டியது. ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிடப்பட்டது. மணிமங்கலம், ஆதனூர்ப் பக்கத்திலிருந்து வந்த தண்ணீரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. அந்தப் பருவமழையில் தமிழகத்தில் நானூறு பேருக்கு மேல் இறந்தார்கள். பின்னர் வந்த தணிக்கைத் துறை அறிக்கை, இதை மனிதர்கள் உண்டாக்கிய பேரிடர் என்றே சொன்னது.

ஒரே கேட், பல வண்ணக் கயிறு

2015 வெள்ளம் வந்த வாரம் ஹூண்டாய், ரெனோ-நிசான் ஆலைகள் உற்பத்தியை நிறுத்தின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது ஃபாக்ஸ்கானும் நிறுத்தியது. பெரிய ஆலை என்றால் கட்டடத்துக்கும் இயந்திரத்துக்கும் காப்பீடு உண்டு. உற்பத்தி நின்ற நாட்களின் இழப்புக்கும் தனியாக பாலிசி எடுக்கலாம். லைனில் நிற்பவருக்கு?

பல ஆலைகளில் ஐ.டி. கார்டு தொங்கும் கயிற்றின் நிறத்தைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடலாம். நிரந்தரத்துக்கு ஒரு நிறம், காண்ட்ராக்டுக்கு ஒன்று, டிரெய்னிக்கு இன்னொன்று. வேலை ஒன்றுதான், கேன்டீனும் ஒன்றுதான். மழை பெய்தால்தான் வித்தியாசம் முழுதாகத் தெரியும். இந்த இரண்டு வெள்ளத்தின்போதும் நடப்பில் இருந்த 1947-ம் ஆண்டு தொழில் தகராறு சட்டத்தின் 25சி பிரிவு, இயற்கைப் பேரிடரால் வேலை கொடுக்க முடியாமல் போன நாட்களுக்கும் அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படியில் பாதியைத் தரச் சொன்னது. ஆனால் மஸ்டர் ரோலில் பெயர் இருக்க வேண்டும், ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்திருக்க வேண்டும். பதிலி, கேஷுவல் ஆட்களுக்கு அது கிடையாது. அப்ரண்டிஸோ, 1961-ம் ஆண்டுச் சட்டப்படி தொழிலாளியே அல்ல, பயிற்சி பெறுபவர். காண்ட்ராக்ட் ஆளின் பெயர் இருப்பது ஏஜென்சியின் ஏட்டில். அதுவும் பல இடங்களில் ஓராண்டு முடிவதற்குள் மாறிவிடும். நிரந்தரத் தொழிலாளிக்கு வெள்ளம் என்பது பாதிச் சம்பளம். மற்றவருக்கு ‘நோ வொர்க், நோ பே’.

மூன்று கிராமம், ஒரு டோக்கன்

மிக்ஜாமுக்குப் பிறகு அரசு 6,000 ரூபாய் நிவாரணம் அறிவித்தது. ரேஷன் கடையில் டோக்கன், கையில் ரொக்கம். விரைவாகவும் நடந்தது, அதைக் குறை சொல்ல முடியாது. காஞ்சிபுரம் மாவட்டத்தில் குன்றத்தூர் வட்டம் முழுவதும், ஸ்ரீபெரும்புதூர் வட்டத்தில் மூன்று வருவாய்க் கிராமங்கள் பட்டியலில் இருந்தன.

லைன் வீட்டில் குடியிருப்பவரின் ரேஷன் கார்டு எங்கே இருக்கிறது? செய்யாற்றிலோ திண்டிவனத்திலோ, அம்மா பெயரில். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவருக்கு இன்னும் தூரத்தில். ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ திட்டத்தில் 2020 அக்டோபர் முதல் வெளிமாநில கார்டுக்கும் இங்கே அரிசி வாங்கலாம். வெள்ள நிவாரணம் அந்த வழியில் வராது. கார்டு இல்லாதவர்கள் விண்ணப்பிக்கலாம் என்று அறிவிப்பு வந்தது. இந்த ஊரில்தான் குடியிருக்கிறேன் என்று எதைக் காட்டி நிரூபிப்பது? லைன் வீட்டுக்கு யார் வாடகை ஒப்பந்தம் எழுதித் தருகிறார்கள்? வாடகைக்கு விட்டவருக்கு டோக்கன் வந்தது. முழங்கால் தண்ணீரில் நின்றவருக்கு வரவில்லை.

அவருக்காவது ஊரில் ஒரு கார்டு உண்டு. ஏரிக்கரையில் குடிசை போட்டிருக்கும் இருளர் குடும்பங்கள் பலவற்றுக்குப் பட்டாவும் இல்லை, சாதிச் சான்றிதழும் எளிதில் கிடைப்பதில்லை. மழை வந்தால் பள்ளிக்கூடம், வெயில் வந்தால் மறுபடி ஏரிக்கரை.

1891-லிருந்து வரும் காகிதம்

ஊர் மேட்டில், சேரி பள்ளத்தில். இந்த வட்டாரத்துக் கிராமங்கள் பலவற்றின் பழைய அமைப்பு இதுதான். இப்பகுதி அன்று செங்கல்பட்டு ஜில்லாவில் இருந்தது. அதன் கலெக்டர் ட்ரெமென்ஹீர் 1891-ல் பறையர்களின் நிலை பற்றி ஓர் அறிக்கை எழுதினார். குடியிருக்கும் மனைகூட அவர்களுக்குச் சொந்தமில்லை, மிராசுதார் நினைத்தால் கிளப்பிவிடலாம் என்பதை அது பதிவு செய்தது. அதையொட்டி 1892-ல் பிறந்ததுதான் அவர்களுக்கு நிலம் தரும் பஞ்சமி நிலத் திட்டம். அந்த நிலங்களில் பெரும்பகுதி பிறகு கைமாறிப் போனது வேறு கதை. நிலம் இல்லாதவருக்குச் சிப்காட் நில எடுப்பில் இழப்பீடும் இல்லை. வயல் போனால் கூலியும் போனது. 2004 சுனாமியில் நாகப்பட்டினத்தில் நடந்ததும் இதே கணக்கு. படகு இழந்தவருக்கு நிவாரணம் இருந்தது. கரையில் கூலி வேலை பார்த்த தலித்துகளுக்கு இழந்ததாகக் காட்டப் படகே இல்லை.

அமெரிக்காவும் விலக்கல்ல. 2005-ல் கத்ரீனா புயல் நியூ ஆர்லியன்ஸை மூழ்கடித்த பிறகு ‘ரோடு ஹோம்’ என்ற திட்டத்தில் வீடு கட்டப் பணம் கொடுத்தார்கள். புயலுக்கு முன் வீட்டின் சந்தை மதிப்பு என்ன என்பதும் கணக்கில் வந்தது. கறுப்பர் தெருவில் வீட்டு விலை குறைவு. ஆகவே அதே அளவு வீட்டுக்கு அவர்களுக்குப் பணமும் குறைவு. பாட்டன் வீட்டில் தலைமுறைகளாக வாழ்ந்தும் பத்திரம் தன் பெயருக்கு மாறாதவர்கள் இன்னும் திண்டாடினார்கள். வழக்குப் போட்டு 2011-ல்தான் சமரசம் ஆனது. அங்கே நிறம், இங்கே சாதி. கவுன்டரில் கேட்கும் கேள்வி மட்டும் ஒன்று.

ஆற்றங்கரையிலிருந்து ஒரகடத்துக்கு

2015-க்குப் பிறகு அடையாற்றங்கரையில் முதலில் அகற்றப்பட்டவை குடிசைகள். அதே ஆற்றின் குறுக்கே பாலம் போட்டு நிற்கிறது சென்னை விமான நிலையத்தின் இரண்டாம் ஓடுபாதை. அது உள்கட்டமைப்பு, குடிசை ஆக்கிரமிப்பு. கரையோரத்து மக்களில் பலர் பெரும்பாக்கத்துக்குப் போனார்கள். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரத்தில் அதுவும் தண்ணீர் நிற்கிற இடம்தான். பின்னாளில் அனகாபுத்தூர்க் கரையிலிருந்து அகற்றப்பட்டவர்களில் சிலருக்கு ஒரகடம் பக்கமுள்ள நாவலூரில் வீடு ஒதுக்கினார்கள். இங்கிருந்து கிளம்பும் தண்ணீர் அவர்களை அங்கே அடித்தது. அவர்களைக் கொண்டுவந்து இங்கே விட்டிருக்கிறார்கள். நகரத்தில் பார்த்த வீட்டு வேலையும் பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் கூடவே வரவில்லை.

செய்ய முடியாதது ஒன்றுமில்லை. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் மகளிர் விடுதியை அரசே கட்டித் திறந்தது. லைன் வீட்டிலிருந்து பெண்களைக் கான்கிரீட் கட்டடத்துக்கு மாற்ற முடிந்தவர்களுக்கு, லைன் வீட்டில் மிஞ்சியவர்களை எண்ணுவதா கஷ்டம்? வெள்ளத்தால் நின்ற ஷிஃப்டுக்குக் கயிற்றின் நிறம் பார்க்காமல் சம்பளம், கார்டு எந்த ஊரில் இருந்தாலும் தங்கியிருக்கும் ஊரில் நிவாரணம், அடுத்த மழைக்குள் ஏரிக்கரைக் குடும்பங்களுக்கு மேட்டில் பட்டா. கேட்பது இவ்வளவுதான்.

யார் எங்கே இருக்கிறார்கள் என்று தெரியாது என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். தண்ணீர் முழுதாக வடிவதற்கு முன்பே, காலை ஐந்தரைக்கு கம்பெனி பஸ் வந்து ஹாரன் அடிக்கும். எந்தச் சந்து முனையில் எத்தனை பேர் ஏறுவார்கள் என்று அந்த டிரைவருக்குத் தெரியும். ஓர் ஆள் குறைந்தால் சூப்பர்வைசரிடமிருந்து போன் வரும்.