பூநாரையும் முகத்துவாரமும்

நுழையும்முன்

பறவைகளைக் காப்பது என்றவுடன் வேட்டையைத் தடுப்பதே நம் நினைவுக்கு வரும். ஆனால், வனவுயிர் அலுவலகம் ஒன்றின் பணி பறவை இறங்கும் நீரில் தொடங்கி, அந்நீரை நம்பி வாழும் மக்கள்வரை நீள்கிறது. பழவேற்காட்டு ஏரியை முன்வைத்து அப்பணியை விளக்குகிறது இப்பாடம்.

ஏரியின் இயல்பு

சென்னையிலிருந்து கொல்கத்தா செல்லும் தேசிய நெடுஞ்சாலையில் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையைக் கடந்து வடக்கே சென்றால், ஆந்திர எல்லையை ஒட்டி ஆரம்பாக்கம் அமைந்துள்ளது. அதற்குக் கிழக்கே விரிந்துகிடப்பது பழவேற்காட்டு ஏரி. ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இதுவாகும். ஸ்ரீஹரிகோட்டாத் தீவு இதனை வங்கக்கடலிலிருந்து பிரிக்கிறது. ஆரணியாறும் காளங்கியாறும் நன்னீரைக் கொணர்கின்றன. முகத்துவாரத்தின் வழியே கடல்நீர் புகுகிறது. ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்திலும் எஞ்சிய பகுதி தமிழ்நாட்டிலும் உள்ளன. தமிழ்நாட்டில் 153.67 சதுர கிலோமீட்டர் பரப்பு, 1980ஆம் ஆண்டு பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

குளிர்காலத்தில் இங்கு வரும் பறவைகளுள் பூநாரை குறிப்பிடத்தக்கது. அது தலையைக் கவிழ்த்து அலகை நீருள் அமிழ்த்தி, சேற்றுநீரை உறிஞ்சி வெளியேற்றும். அலகின் ஓரங்களிலுள்ள சீப்புப் போன்ற தகடுகள் பாசியையும் நுண்ணிய நீர்வாழ் உயிர்களையும் சலித்தெடுக்கும். நீர் மிக ஆழமானால் பூநாரை நின்று மேய இயலாது. வற்றிவிட்டால் இரையே இராது. ஆகவே, நீரின் அளவு மாறினால் பறவையின் வாழ்வும் மாறிவிடும்.

அலுவலகத்தின் பணிகள்

வனச்சரக அலுவலர், வனவர், வனக்காப்பாளர் ஆகியோர் களத்தில் பணியாற்றுகின்றனர். ரோந்து செல்லுதல், வேட்டையைத் தடுத்தல், காயமுற்ற பறவைகளை மீட்டல் ஆகியவை அவர்தம் அன்றாடப் பணிகள். ஆண்டுதோறும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும் நடைபெறுகிறது. ஓராண்டின் எண்ணிக்கையை மட்டும் கொண்டு முடிவுக்கு வர இயலாது. மழை மிகுந்தால் பறவைகள் வேறு நீர்நிலைகளுக்குப் பரவிவிடும். பல்லாண்டுக் கணக்குகளை ஒப்பிடும்போதே ஏரியின் நலிவோ வளமோ புலப்படும்.

வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 1972இன் 29ஆம் பிரிவு இங்குக் கருதத்தக்கது. தலைமை வனவுயிர்க் காப்பாளரின் அனுமதியின்றிச் சரணாலயத்தின் வாழிடத்தை அழிப்பதையும், அதற்குள் வரும் அல்லது வெளியேறும் நீரோட்டத்தைத் திருப்புவதையும் தடுப்பதையும் மிகுதிப்படுத்துவதையும் அப்பிரிவு விலக்குகிறது. பறவையைக் கொல்வது போன்றே நீரின் போக்கை மாற்றுவதும் குற்றமாகிறது.

மீனவர் வாழ்வு

கடலலை கொணரும் மணல் முகத்துவாரத்தை அவ்வப்போது அடைத்துவிடுகிறது. அடைபட்டால் கடல்நீர் வரத்து நின்றுவிடும். இறால் குஞ்சுகள் ஏரிக்குள் வர இயலா. கோடையில் நீர் ஆவியாகி உவர்ப்பு மிகும். மீனவர் வலை வெறுமையாகும். பறவைகளின் இரையும் குறையும். முகத்துவாரத்தைத் தூர்வார வேண்டும் என மீனவர் நெடுங்காலமாகக் கோருகின்றனர். சரணாலய நீரோட்டத்தைத் தொடும் பணி என்பதால் அதற்கும் வனவுயிர்ச் சட்ட அனுமதி தேவைப்படுகிறது. இத்தகைய இடங்களில் அனுமதி தாமதமாகும் ஒவ்வொரு பருவமும் மீனவக் குடும்பங்களுக்கு இழப்பாகிறது.

இம்மீனவர் ஏரியைக் காக்க அறியாதவர் அல்லர். மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பகிரும் ‘பாடு’ என்னும் வழக்கம் கோட்டைக்குப்பம் முதலிய ஊர்களில் தலைமுறைகளாக நிலவுகிறது. சரணாலயம் அமையும் இடத்தில் மக்களுக்குள்ள உரிமைகளை மாவட்ட ஆட்சியர் விசாரிக்க வேண்டும் எனவும், அவற்றைத் தொடர அனுமதிக்கலாம் எனவும் சட்டம் கூறுகிறது.

தொழில்வளமும் பொறுப்பும்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது, தெற்கே எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. கூழைக்கடாக்களின் சிறகுகளிலும் மீனவர் படகுகளிலும் ஒரே எண்ணெய் படிந்தது. வனத்துறையினர் பறவைகளை மீட்க முனைந்தனர்; மீனவர் பலநாள் தொழிலிழந்தனர். பழவேற்காட்டைச் சுற்றியும் ஆலைகள் பெருகிவருகின்றன. அவற்றின் கழிவைக் கண்காணிப்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கடமை. நீரில் நேரும் மாற்றத்தைப் பறவைகளின் வரவைக் கொண்டு உணர்த்துவது வனவுயிர் அலுவலகத்தின் கடமை. இவ்விரண்டுடன் மீனவரின் பட்டறிவும் சேரும்போதே ஏரியைக் காக்க இயலும்.

தெரிந்து தெளிவோம்

பூநாரைக் குஞ்சுகள் பிறக்கும்போது சாம்பல் நிறத்தில் இருக்கும். பாசியிலும் சிற்றுயிர்களிலும் உள்ள நிறமிகள் உணவின் வழியே சேர்ந்த பின்னரே இளஞ்சிவப்பு நிறம் தோன்றும்.