வாரம் ஒரு மணி நேரம்: றோட்டரிக் கழகமும் அதன் கூட்டமும்

பட்டினத்துப் பெரிய ஹோட்டல்களின் வாசல் மண்டபத்திலே, பற்சக்கரம் ஒன்று பொறித்த சிறிய பலகையை நேயர்களிற் சிலர் கண்டிருத்தல் கூடும். இன்ன நகரத்து றோட்டரிக் கழகம், இன்ன கிழமையில், இன்ன மணிக்கு இங்கே கூடும் என்னும் ஒரு வரியே அதில் எழுதியிருக்கும். உள்ளே நடப்பது யாது என்பது பற்றி ஊரிலே பலவித எண்ணங்கள் உலாவுவதுண்டு. செல்வர் கூடி விருந்துண்ணும் இடம் என்பர் சிலர். இரகசியச் சங்கம் என்று ஐயுறுவோரும் உளர். இரகசியம் எதுவும் அங்கில்லை. உணவு உண்டு; அதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஒரு வேளை உணவுக்காக, அலுவல் மிகுந்த மனிதர் நூறாண்டுகளுக்கு மேலாக வாரந்தோறும் தவறாமற் கூடி வந்தனர் என்று கொள்வதும் பொருந்தாது. அந்த வாராந்தக் கூட்டத்தின் உட்பொருளை அறிய வேண்டுமாயின் அது பிறந்த இடத்துக்குச் செல்லுதல் வேண்டும்.

அமெரிக்காவின் சிக்காகோ நகரிலே, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், போல் ஹரிஸ் என்னும் சட்டத்தரணி ஒருவர் தொழில் நடத்தி வந்தார். வெர்மொன்ற் மாநிலத்தில் உள்ள வாலிங்போர்ட் என்னும் சிற்றூரிலே பாட்டன் பாட்டியிடம் வளர்ந்தவர் அவர். அவ்வூரில் எல்லோரும் எல்லோரையும் அறிவர். சிக்காகோவிலோ 1900ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி ஏறக்குறைய 17 இலட்சம் பேர் இருந்தனர். அவர்களுள் ஹரிஸுக்கு உற்றவர் என்று சொல்லக் கூடியவர் மிகச் சிலரே. கட்சிக்காரர் இருந்தனர், நண்பர் இல்லை. கிராமத்தை விட்டுக் கொழும்புக்கு வந்து, அறையொன்றை வாடகைக்கு எடுத்து, ஞாயிற்றுக்கிழமைகளை எவ்வாறு கழிப்பதென்று அறியாது திகைத்த நம்மவர்க்கு அந்த நிலையை விளக்க வேண்டியதில்லை.

1905ஆம் ஆண்டு பெப்ரவரி 23ஆம் திகதி மாலை, ஹரிஸும் வேறு மூவரும் ஓர் அலுவலக அறையிலே கூடினர். மற்ற மூவருள் ஒருவர் சுரங்கப் பொறியியலாளர், ஒருவர் நிலக்கரி வியாபாரி, ஒருவர் தையற்கடை நடத்தியவர். நால்வருக்கும் நான்கு தொழில்கள் என்பது கருதிச் செய்த ஏற்பாடே. தொழில் ஒன்றாயின் போட்டி வரும்; வேறாயின் நட்பு வளரும் என்பது ஹரிஸின் எண்ணம். அடுத்தடுத்த கூட்டங்கள் ஒவ்வோர் அங்கத்தவருடைய இடத்திலும் முறைவைத்து நடைபெற்றன. முறைவைத்துச் சுழன்று வருதல் என்னும் அப்பொருளிலிருந்தே றோட்டரி என்ற பெயரும் பிறந்தது. ஐந்தாவதாகச் சேர்ந்த அச்சகக்காரர் ஒருவர் கூட்டத்தின் நடுவே எல்லோரையும் எழுந்து பாடச் செய்தார். அந்த வழக்கம் இன்றும் சில கழகங்களிலே நிலைத்து நிற்கின்றது. குரல் நலம் பற்றி எவரும் கேட்பதில்லை.

தொடக்கத்தில் இச்சங்கத்துக்குப் பொதுத்தொண்டு என்னும் நோக்கமே இருக்கவில்லை என்பது பலர் அறியாத செய்தி. ஒருவர்க்கொருவர் வியாபாரம் தேடிக் கொடுப்பதும், நட்புடன் இருப்பதுமே அன்றைய குறிக்கோள். எவர் எவர்க்கு எவ்வளவு வியாபாரம் கொடுத்தார் என்று கணக்கு வைப்பதற்கென்றே ஓர் உத்தியோகத்தரும் இருந்தார். 1906ஆம் ஆண்டிலே, புத்தாக்க உரிமைச் சட்டத்தில் வல்லவரான டொனால்ட் காட்டர் என்பவரைச் சேருமாறு அழைத்தபோது அவர் மறுத்துவிட்டார். தன் அங்கத்தவர்க்கு மட்டும் பயன்படும் சங்கம் நெடுநாள் நில்லாது, நகரத்துக்கும் அது ஏதேனும் செய்ய வேண்டும் என்பது அவருடைய வாதம். அந்த வாதத்தை ஏற்று, நகரத்தின் நன்மையை நாடுதல் என்னும் நோக்கத்தையும் விதிகளிலே சேர்த்தனர். காட்டரும் சேர்ந்தார். அழைப்பை ஏற்காது நின்ற ஒருவரே சங்கத்தின் போக்கை மாற்றினார் என்பது நினைக்கத்தக்கது.

சிக்காகோக் கழகத்தார் மேற்கொண்ட முதற் பெரும் பணி ஒரு பொது மலசலகூடம். கேட்போர் நகைப்பர். ஆனால் அக்காலச் சிக்காகோவிலே, கடைத்தெருவுக்கு வந்த ஒருவர் இயற்கைக் கடன் கழிக்க வேண்டுமாயின் மதுச்சாலைக்கோ பெரிய துணிக்கடைக்கோதான் நுழைய வேண்டும். நுழைந்தவர் வெறுங்கையுடன் வெளியேறுவது அரிது. ஆகவே 1907இல் கழகம் இவ்விடயத்தைக் கையிலெடுத்தபோது, மது வடிப்போரும் பெருங்கடைக்காரரும் சேர்ந்து எதிர்த்தனர். கழகம் தனித்து நின்று வாதாடவில்லை. நகரத்தின் வேறு சங்கங்களையும் கூட்டிக் கொண்டு இரண்டு ஆண்டுகள் விடாது முயன்று, 1909இல் நகரசபை மாளிகையருகே அதனை நிறைவேற்றியது. இத்தகைய வேலையை ஒரு நாட் பேச்சினால் முடிக்க இயலாது. அடுத்த கூட்டத்தில் கேள்வி வரும் என்று அறிந்தவரே விடாது தொடர்வர்.

சிக்காகோவிலே முதலில் இரு வாரத்துக்கு ஒருமுறையே கூடினர். வாரந்தோறும் கூடும் வழக்கம் கலிபோர்னியாவின் ஓக்லண்ட் கழகத்திலே தொடங்கியதென்பர். மெல்ல மெல்ல அது எங்கும் விதியாயிற்று. 1929ஆம் ஆண்டில் கொழும்புக் கழகம் அமைந்தபோது அவ்விதியும் உடன் வந்தது.

கூட்டத்தின் அமைப்பு எங்கும் பெரும்பாலும் ஒன்றே. குறித்த நேரத்தில் தலைவர் மணியை அடிப்பார். ஒழுங்கு காப்பாளர் என்னும் உத்தியோகத்தர் வந்தோரை வரவேற்று, வேறு கழகங்களிலிருந்து வந்த விருந்தினரை அறிமுகம் செய்வார். காரியதரிசி கடிதங்களையும் அறிவித்தல்களையும் வாசிப்பார். உணவு நடைபெறும். பிறந்தநாள் கொண்டாடியவர், பத்திரிகையிற் படம் வந்தவர், பிந்தி வந்தவர் ஆகியோரிடம் விளையாட்டாகத் தண்டம் வாங்கி ஒரு பெட்டியில் இடுவதும் உண்டு. அதன் பின் ஒரு சொற்பொழிவு. பெரும்பாலும் இருபது நிமிடம். வைத்தியர் நீரிழிவு பற்றிப் பேசுவார். மறு வாரம் தேயிலைத் தோட்டத்துரை ஏலவிலை பற்றிப் பேசுவார். அதன் மறு வாரம் நூலகர் ஒருவர் வருவார். கேள்விகள், நன்றியுரை, மீண்டும் மணி. அலுவலகத்துக்குத் திரும்ப வேண்டியவர் திரும்புவார். நேரத்துக்குத் தொடங்கி நேரத்துக்கு முடியும் கூட்டம் என்பதே நம் நாட்டில் ஒரு புதுமையன்றோ?

கழகத்தின் ஆண்டு ஜூலை முதலாம் திகதி தொடங்கி ஜூன் முடிவில் நிறைவெய்தும். தலைவர் பதவி ஓராண்டுக்கே உரியது. எவ்வளவு திறமைசாலியாயினும் ஆண்டு முடிந்ததும் பதவிச் சங்கிலியைக் கழற்றி அடுத்தவர் கழுத்திலிட்டு, தாம் சாதாரண அங்கத்தவராகப் பின்வரிசையில் அமர வேண்டும். தலைவர் பதவியை ஆயுட்காலச் சொத்தாகக் கொள்ளும் சங்கங்கள் பலவற்றைக் கண்டவர்க்கு இந்த ஏற்பாட்டின் அருமை புரியும்.

வருகை பற்றிய விதி ஒரு காலத்தில் மிகக் கடுமையாக இருந்தது. தன் கழகத்துக்கு வர இயலாதவர், குறித்த நாட்களுக்குள் வேறு எந்த ஊரிலேனும் உள்ள கழகத்துக்குச் சென்று அந்த வருகையை ஈடுசெய்யலாம். யாழ்ப்பாணத்து வர்த்தகர் கண்டிக்குப் போனாலும் இலண்டனுக்குப் போனாலும் அங்கே ஒரு மேசையில் அவர்க்கு இடமுண்டு. கட்டாயமாகத் தோன்றும் இவ்விதி, நடைமுறையிலே அறியாத ஊரில் அறிமுகம் தேடித் தரும் கருவியாயிற்று. ஹரிஸ் சிக்காகோவிலே காணாது ஏங்கியதும் அதனையே.

உணவு மேசையிலிருந்து வேலை எவ்வாறு பிறக்கின்றது என்பதையும் காண்போம். ஒரு கிராமப் பாடசாலையிலே நல்ல குடிநீர் இல்லை என்று வைத்துக் கொள்வோம். அதனை ஓர் அங்கத்தவர் கூட்டத்திற் சொல்கின்றார். சமூக சேவைக் குழு சென்று பார்க்கின்றது. அதே மேசையிலே கட்டட ஒப்பந்தகாரர் ஒருவர் இருக்கின்றார்; செலவை மதிப்பிட அவர் போதும். கணக்காளர் இருக்கின்றார், வைத்தியர் நீரைச் சோதிக்க வழி சொல்வார், வங்கி முகாமையாளர் எவரிடம் பணம் கேட்கலாம் என்பதை அறிவார். பல தொழிலாளர் ஒரு மேசையில் அமர வேண்டும் என்ற பழைய ஏற்பாட்டின் பயன் இங்கேதான் வெளிப்படுகின்றது. சேவைக்கென்று திரட்டிய பணத்தைக் கழகத்தின் சொந்தச் செலவுக்குத் தொடலாகாது. உணவுக்கு அங்கத்தவர் தத்தம் பணத்தையே கொடுக்க வேண்டும். தொகை பெரிதாயின் வெளிநாட்டுக் கழகம் ஒன்றைத் துணைக்கு அழைத்து, றோட்டரி நிதியத்திடமும் உதவி கேட்கலாம். அந்நிதியம் பற்றிய யோசனையை 1917இல் ஆர்ச் கிளம்ப் என்பவர் வெளியிட்டார். அதற்குக் கிடைத்த முதல் நன்கொடை 26 டொலரும் 50 சதமும் மாத்திரமே.

இந்தச் சிறு வேலைகளின் பழக்கம் ஒரு பெரு வேலைக்கு எவ்வளவு உதவும் என்பதற்கு இலங்கையே சான்று. 1985இல் உலக றோட்டரி இயக்கம் இளம்பிள்ளை வாதமாகிய போலியோவை ஒழிக்கும் பணியை ஏற்றது. 1988இல் உலக சுகாதார நிறுவனமும் அதே இலக்கை மேற்கொண்டபோது, ஆண்டொன்றுக்குச் சுமார் 3,50,000 குழந்தைகள் அந்நோயால் முடமாகி வந்தனர். நம் நாட்டிலே கடைசி நோயாளி 1993ஆம் ஆண்டில் காணப்பட்டார். எனினும் அண்டை நாட்டிலே நோய் இருந்தமையால் காவலைத் தளர்த்த இயலவில்லை. 1995இல் தேசிய தடுப்பு மருந்து நாட்கள் தொடங்கின. குறித்த நாளிலே நாட்டின் சிறு குழந்தைகள் எல்லோருக்கும் சொட்டு மருந்து கொடுக்க வேண்டும். ஒரு பகுதியிலே விடுபட்டாலும் முயற்சி குறைபடும். அப்போது வடக்கிலே போர் நடந்து கொண்டிருந்தது.

அந்நாட்களில் மருந்து பெட்டியிலே குளிர்ந்திருந்தாற் போதாது. அதைச் சுமப்பவர் செல்லும் வழியில் துப்பாக்கிகளும் ஓய்ந்திருக்க வேண்டும். அரசாங்கம், ஐக்கிய நாடுகள் சிறுவர் நிதியம், றோட்டரி ஆகிய மூன்றும் சேர்ந்த செயற்குழு ஒன்று இதற்கென இயங்கியது. அதற்குத் தலைமை தாங்கியவர் கொழும்புக் கழகத்து அங்கத்தவரான கே. ஆர். ரவீந்திரன். தடுப்பு மருந்து நாட்களிலே சண்டையை நிறுத்தி வைக்கும்படி சிறுவர் நிதியத்தோடு இணைந்து பேசி இணக்கம் காணப்பட்டது. வேறெதிலும் உடன்படாத இரு தரப்பாரும் குழந்தையின் வாயில் விழும் இரு துளி மருந்து பற்றி உடன்பட்டனர். 2014ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் திகதி, இலங்கை உட்பட்ட தென்கிழக்காசியப் பிராந்தியம் முழுவதும் போலியோ அற்றதென உலக சுகாதார நிறுவனம் சான்று வழங்கியது. இந்த வெற்றியை ஒரு கழகத்துக்கே உரியதாக்குவது நியாயமன்று. வீடு வீடாகச் சென்ற குடும்பநல உத்தியோகத்தரும், பொதுச் சுகாதாரப் பரிசோதகரும், குழந்தையைத் தோளிற் சுமந்து வரிசையில் நின்ற தாய்மாருமே அதன் முதற் பங்காளர்.

2004 டிசம்பர் 26ஆம் திகதிய ஆழிப்பேரலைக்குப் பின்னரும் இதே தொடர்புகள் பயன்பட்டன. அழிந்த பாடசாலைகளுள் 25ஐ இலங்கைக் கழகங்கள் மீளக் கட்டின. அவற்றால் 15,000 மாணவர் பயன் பெற்றனர்.

குறைகளையும் சொல்லாது விடலாகாது. எண்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பெண்களுக்கு அம்மேசையில் இடமிருக்கவில்லை. 1977இல் கலிபோர்னியாவின் டுவார்ட்டே கழகம் பெண்களைச் சேர்த்தமைக்காக அதன் பட்டயமே பறிக்கப்பட்டது. வழக்கு நீதிமன்றங்கள் பலவற்றைக் கடந்து, 1987இல் அமெரிக்க உயர் நீதிமன்றத்திலே பெண்களுக்குச் சார்பாக முடிந்தது. 1989இல் விதியும் திருத்தப்பட்டது. 2022ஆம் ஆண்டில் ஜெனிபர் ஜோன்ஸ் என்னும் பெண்மணி உலக இயக்கத்தின் தலைவரானார். மற்றொரு குறை, செலவு பற்றியது. ஹோட்டல் உணவின் விலை இளம் ஆசிரியருக்கும் சிறு கடைக்காரருக்கும் தடையாகின்றது. நம் கிராமத்து மரண சகாய சங்கத்துக்கு ஹோட்டலும் இல்லை, மணியும் இல்லை. சாவு வீட்டு முற்றத்திலே பந்தற்கால் நடுவதற்கு அது தானாகவே கூடிவிடுகின்றது. உண்மையான சேவைக்கு விருந்து மண்டபம் வேண்டுமா என்று எவரேனும் கேட்டால், அக்கேள்வியைத் தட்டிக் கழிப்பதற்கில்லை.

கழகங்களும் அதனை ஒருவாறு உணர்ந்துள்ளன. 2015-16ஆம் ஆண்டுக்கு மேற்குறித்த ரவீந்திரனே உலகத் தலைவராக விளங்கினார்; இலங்கையர் ஒருவர் அப்பதவியை வகித்தது அதுவே முதன்முறை. அவ்வாண்டிலே, 2016 ஏப்ரலில் சிக்காகோவில் கூடிய சட்டவாக்கப் பேரவை வாராந்த விதியைத் தளர்த்தியது. மாதம் இருமுறையேனும் கூடினாற் போதும்; கூடும் இடமும் முறையும் அவ்வக் கழகத்தின் விருப்பம். இப்போது சில கழகங்கள் காலைத் தேநீரோடு நிறுத்திக் கொள்கின்றன. சில, கணினித் திரையிலே கூடுகின்றன. சிரமதானம் நடந்த இடத்தையே அவ்வாரக் கூட்டமாகக் கணக்கிடும் கழகங்களும் உண்டு. விதி தளர்ந்த பின்னரும் தம் விருப்பத்தினால் வாரந்தோறும் கூடுகின்றவை இன்னமும் இருக்கின்றன. அங்கே வரவுப் புத்தகம் முன்போலவே வாசலருகே மேசைமேல் விரித்தபடி இருக்கின்றது.