நீங்க எந்த ஏரியா, ஸார்?

தாம்பரம் பக்கம் இந்தக் கேள்வியைக் கொஞ்சம் ஜாக்கிரதையாகத்தான் கேட்கவேண்டும். 'எந்த ஏரி?' என்று கேட்டதாக எடுத்துக்கொண்டு கோபித்துக்கொள்வார்கள்!

சேலையூர், செம்பாக்கம், சிட்லபாக்கம், பீர்க்கன்காரணை, பெருங்களத்தூர்... எந்தப் பெயரைச் சொன்னாலும் கூடவே ஓர் ஏரி உண்டு. சிலது முழுசாக, சிலது மிச்சம் மீதியாக. மனை பார்க்கப் போகிற நம் ஆசாமி ஸ்டேஷன் எவ்வளவு தூரம் என்பான். போர் போட்டால் எத்தனை அடியில் தண்ணீர் என்பான். மழைத்தண்ணி எந்தப் பக்கம் ஓடும் என்று மட்டும் கேட்கமாட்டான். கேட்டால் யாராவது பதில் சொல்லிவிட்டால்? மே மாசத்துக் கட்டாந்தரையைப் பார்த்து, மனசு குளிர்ந்து அட்வான்ஸைக் கொடுத்துவிடுவான்.

2015 டிசம்பர் 1-ம் தேதி பிடித்த மழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. பதிவானது. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் மொட்டை மாடியில் நின்றவர்களைப் படகில் இறக்கினார்கள்.

இப்போதும் எலெக்ட்ரிக் ரயிலில் முடிச்சூர்க்காரர் யாரிடமாவது பேச்சுக் கொடுங்கள். "செம்பரம்பாக்கத்தைத் திறந்து விட்டுட்டாங்க ஸார், அதான்!" என்பார். திறந்தது நிஜம். விநாடிக்கு 29,000 கன அடி என்பது அரசாங்கக் கணக்கு. சைதாப்பேட்டையும் கோட்டூர்புரமும் அதற்காகக் கோபப்படலாம், நியாயம். ஆனால் அந்த உபரி நீர் அடையாற்றில் வந்து கலப்பதே திருநீர்மலைக்குப் பக்கத்தில்தான். முடிச்சூர் அதற்கும் மேலே இருக்கிறது! அங்கே புகுந்தது பெரும்பாலும் ஆதனூர், மண்ணிவாக்கம், மணிமங்கலம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வந்த தண்ணீர்.

ஒரு ரயில் சிநேகிதருக்கு இதைப் பேப்பரில் படம் போட்டே காட்டினேன். பல்லாவரம் தாண்டும்வரை உற்றுப் பார்த்தார்.

"கரெக்டாத்தான் இருக்கு. ஆனா வெளியில சொல்லிக்கிட்டு இருக்காதீங்க ஸார். மேல் போர்ஷனை வாடகைக்கு விடணும்."

அவரை அசடு என்று சொல்ல மாட்டேன். இருபது வருஷக் கடன். மதகைத் திறந்த அதிகாரி தப்பு என்றால், அடுத்த வருஷம் அவர் ஜாக்கிரதையாக இருப்பார் என்று நிம்மதியாகத் தூங்கலாம். மண்ணே அப்படி என்றால் மனுஷன் எங்கே போவான்?

ஆற்றை அகலப்படுத்தினார்கள், மூடு கால்வாய் கட்டினார்கள். இருந்தும் 2021 நவம்பரில் தண்ணீர் வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலோடு மறுபடி வந்தது. "இந்த வருஷம் ரொம்ப ஓவர் மழை ஸார்!" என்றார்கள், இரண்டு தடவையும்.

வேளச்சேரிக்காரர்கள் இந்த விஷயத்தில் கொஞ்சம் தேவலை. 2024 அக்டோபரில் ரெட் அலர்ட் என்றதும் காரையெல்லாம் மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்திவிட்டார்கள். வாய் ஒப்புக்கொள்ளாததைக் கார் ஒப்புக்கொள்கிறது!

முடிச்சூர் ரோட்டில் நடந்தால் இன்னொன்றும் தெரியும். பழைய வீடுகளுக்கு வாசலில் மூணு படி. புதுசாக எழும்பும் வீடுகளுக்கு ஏழு, எட்டு. எதற்கு இத்தனை என்று ஒரு மேஸ்திரியைக் கேட்டேன்.

"வாஸ்து ஸார்" என்றார்.