பஸ் கண்ணாடியில் ஒட்டிய நோட்டீஸ்

பஸ் ஸ்டாண்டில் அரசு பஸ் ஒன்று கிளம்பத் தயாராக நிற்கிறது. நீதிமன்ற அமீனா வந்து முன்கண்ணாடியில் நோட்டீஸ் ஒட்டுகிறார். பயணிகள் முணுமுணுத்தபடி பையைத் தூக்கிக்கொண்டு இறங்குகிறார்கள். மறுநாள் பேப்பரில், 'விபத்து இழப்பீடு தராததால் அரசு பஸ் ஜப்தி' என்று நாலு வரிச் செய்தி. நாம் பார்ப்பது பந்தியின் கடைசிக் காட்சியை மட்டும்தான். உலை வைத்தது பல வருஷம் முன்னால். அடுக்களைக்குள் போய்ப் பார்ப்போம்.

பஸ் மோதி ஒருவர் இறந்துவிட்டால், அவர் குடும்பம் முதலில் சாமான் சேர்க்க வேண்டும். முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, வயதுக்கும் வருமானத்துக்கும் சான்று, வாரிசுச் சான்றிதழ். புளியில்லாமல் ரசமில்லை, இவை இல்லாமல் மனு இல்லை. இவற்றோடு, 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 166ஆவது பிரிவின்படி விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுப் போட வேண்டும். விபத்து நடந்த ஊருக்குத்தான் அலைய வேண்டும் என்பதில்லை, குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். 2022 ஏப்ரல் முதல் இதற்கு 6 மாதக் கெடு நடைமுறைக்கு வந்திருக்கிறது. ஆகவே காரியம் முடிந்த கையோடு காகிதங்களைச் சேர்ப்பது நல்லது.

பிறகு, தவறு யார் மேல் என்ற கேள்வி. பால் பொங்கி வழிந்தால், அடுப்பைக் கூட்டி வைத்தது யார், பக்கத்தில் நின்றும் கவனிக்காதது யார் என்று வீட்டில் விசாரிப்பார்கள் அல்லவா? அதேதான். முழுத் தவறும் பஸ் டிரைவர் மேல் என்றால் முழுத்தொகை. இறந்தவர் மேலும் கால்பங்கு தவறு இருந்தால், தொகையில் கால்பங்கு குறையும். டிரைவருக்குத் தண்டனை கிடைத்தால்தான் இழப்பீடு என்று நினைக்க வேண்டாம். குற்ற வழக்கு தனி அடுப்பு.

இப்போது சமையலுக்கு வருவோம். பலர் நினைப்பதுபோல இழப்பீட்டுத் தொகை நீதிபதி கண்ணளவில் போடும் உப்பு அல்ல, படியால் அளந்து போடும் அரிசி. படியைத் தந்தவை உச்ச நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகள்: 2009இல் சரளா வர்மா வழக்கு, 2017இல் பிரணய் சேத்தி வழக்கு. ஓர் உதாரணத்தை அளந்து பார்ப்போம். 32 வயதுக் கொத்தனார், மாதம் 15,000 ரூபாய் வருமானம். மனைவி, இரண்டு பிள்ளைகள், தாய் என நாலு பேர் அவரை நம்பி இருந்தார்கள்.

முதலில் அரிசி வெந்தால் பெருகும். 32 வயதுக்காரரின் கூலி அப்படியே நின்றிருக்காது. சொந்தத் தொழில் செய்பவர் 40 வயதுக்குள் என்றால் 40 சதவீதம் கூட்ட வேண்டும். நிரந்தர வேலைக்காரருக்கு 50 சதவீதம். ஆகவே 15,000 என்பது 21,000 ஆகிறது.

பிறகு அவருடைய இலை. உயிரோடு இருந்திருந்தால் அவரும் தனக்கென்று செலவழித்திருப்பார். நம்பியிருப்பவர்கள் நாலு முதல் ஆறு பேர் என்றால் அந்தப் பங்கு கால்வாசி. அதைக் கழித்தால் மாதம் 15,750, வருஷத்துக்கு 1,89,000.

அடுத்தது குதிர். எத்தனை வருஷத்து நெல்லைக் கொட்டுவது? 31 முதல் 35 வயது வரை பெருக்கு எண் 16. 21 முதல் 25 வரை 18. வயது ஏற ஏறக் குறைந்து, 65ஐத் தாண்டினால் 5. 'இன்னும் முப்பது வருஷம் உழைத்திருப்பாரே, ஏன் 16?' என்று கேட்கத் தோன்றும். மாதாமாதம் வந்திருக்க வேண்டிய நெல்லை ஒரே நாளில் கொட்டுகிறார்கள். இன்று பொங்காத நெல்லை வட்டிக்கு விடலாம், அது வளரும். ஆகவேதான் குறைந்த எண். 1,89,000ஐ 16ஆல் பெருக்கினால் 30,24,000.

கடைசியில் தாளிப்பு: ஈமச்செலவு, துணையை இழந்ததற்கு ஈடு போன்றவை. 2017இல் ஈமச்செலவுக்கு 15,000, துணையிழப்புக்கு 40,000 என்று வைத்து, மூன்று வருஷத்துக்கு ஒருமுறை 10 சதவீதம் கூட்டச் சொன்னார்கள்.

சமையல் முடிந்தது. பரிமாறுவது யார்? தனியார் பஸ் என்றால் இன்சூரன்ஸ் கம்பெனி தரும். கேட்டரிங்காரரிடம் விட்ட கல்யாணம் மாதிரி. அரசுப் போக்குவரத்துக் கழகம், தனியாக நிதி வைத்துக்கொண்டால் இன்சூரன்ஸ் எடுப்பதிலிருந்து விலக்குப் பெறலாம் என்கிறது சட்டம். அப்போது கழகம்தான் தன் கையிலிருந்து தர வேண்டும். தீர்ப்பு சொல்லி 30 நாளில் பணத்தைக் கட்ட வேண்டும். உடன்பாடு இல்லையென்றால் 90 நாளில் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். இரண்டும் நடக்காவிட்டால் குடும்பம் நிறைவேற்று மனுப் போடும். அப்போதுதான் அமீனா வருகிறார். கடனுக்கு அண்டா குண்டாவைத் தூக்குவார்களே, அதுபோலக் கழகத்தின் அண்டா இந்த பஸ்.

இதற்கிடையே அடுப்பை யாரும் அணைக்கவில்லை. மனுப் போட்ட நாளிலிருந்து வட்டி ஓடலாம். ஆண்டுக்கு 7.5 சதவீதம் என்று வைத்தால், 30,24,000க்கு மாதம் 18,900 ரூபாய். கொத்தனார் வீட்டுக்குக் கொண்டுவந்தது 15,000. இப்படி எத்தனை வருஷம் ஓடும்? சரளா வர்மா வழக்கிலும் எதிர்த்தரப்பு டெல்லி அரசின் போக்குவரத்துக் கழகம்தான். விபத்து 1988இல், உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 2009இல்.

இனி ஜப்தி பஸ்ஸைப் பார்த்தால், நோட்டீஸில் எம்.சி.ஓ.பி. (மோட்டார் விபத்து இழப்பீட்டு மனு) என்ற வழக்கு எண்ணைத் தேடுங்கள். அதன் பக்கத்தில் இருப்பது உலை வைத்த வருஷம்.