இங்கிலாந்தின் பாரிஷ் கணக்குகள்: குடிகளும் குடியிருப்பும்

ஒரு கிராமத்தின் நிலைமையை அறிய விரும்புவோர் முதலில் நிலத்தின் பரப்பையும், பின்னர் அதன் விளைவையும் விசாரிப்பது வழக்கம். அந்நிலத்தில் உழைப்போர் இரவில் எங்கே தங்குகின்றனர் என்று விசாரிப்போர் சிலரே. இங்கிலாந்து தேசத்து நாட்டுப்புற ஜனத்தொகைக் கணக்குகள் இவ்விஷயத்தில் நிலமுடையோருக்கும் கிராம உத்தியோகஸ்தர்களுக்கும் நல்ல போதனை அளிப்பனவாகும்.

கணக்கு எடுத்த விதம்

பாரிஷ் என்பது ஒரு மாதா கோவிலைச் சார்ந்த ஊர்ப்பகுதி. தன் எல்லைக்குரிய ஏழைகளை வரி விதித்துப் பராமரிக்கும் பொறுப்பும் நெடுங்காலம் அதற்கு இருந்தது. அத்தேசத்தின் முதல் ஜனத்தொகைக் கணக்கு 1801-ம் வருஷம் மார்ச்சு 10-ந் தேதி எடுக்கப்பட்டது. ஏழைகளின் பராமரிப்பை மேற்பார்த்த உத்தியோகஸ்தர்களே பாரிஷ்தோறும் விவரங்களைச் சேகரித்தனர். குடியுள்ள வீடுகள் எத்தனை, அவற்றில் வசிக்கும் குடும்பங்கள் எத்தனை, காலி வீடுகள் எத்தனை, ஆண் பெண் தொகை எவ்வளவு, பயிர்த்தொழிலில் ஈடுபட்டோர் எத்தனை பேர் என்பன கேள்விகள். இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலுமாகச் சுமார் 89 லட்சம் ஜனங்கள் இருந்தனர். 1811 முதல் புதிதாய்க் கட்டப்படும் வீடுகளும் கணக்கில் ஏறின.

1841-ல் வீடுதோறும் ஒவ்வொருவர் பெயரும் எழுதப்பட்டது. 1851-ல் சரியான வயது, குடும்பத் தலைவனுக்கு உறவு, பிறந்த பாரிஷ் ஆகியவை சேர்க்கப்பட்டன. பண்ணை நடத்துவோர் தம் பண்ணை எத்தனை ஏக்கர், அதில் வேலையாட்கள் எத்தனை பேர் என்பதையும் தெரிவிக்குமாறு கேட்கப்பட்டனர்.

வீடுகள் இடிக்கப்பட்ட காரணம்

தொகையை மாத்திரம் பார்ப்பவருக்கு, ஜனங்கள் குறைந்த பாரிஷில் வேலை குறைந்துவிட்டதாகத் தோன்றும். உண்மை பல இடங்களில் வேறாயிருந்தது. வேலையற்றோரையும் முதியோரையும் அவரவர் பாரிஷே காப்பாற்ற வேண்டியிருந்தமையால், கூலியாட்களின் குடிசைகள் பெருகப் பெருக வரியும் பெருகும் என்ற அச்சம் உண்டாயிற்று. நிலம் முழுவதும் ஓரிருவர் கையிலிருந்த பாரிஷ்களில் நிலப்பிரபுக்கள் புதுக் குடிசை கட்ட மறுத்தனர். பழுதடைந்தவற்றை இடித்தும் விட்டனர். இவை மூடிய பாரிஷ்கள் எனப்பட்டன. அங்கு இடமற்றோர், பலர் சிறு சிறு மனைகளை உடைத்தாயிருந்த திறந்த பாரிஷ்களில் சென்று நெருங்கினர். வேலைக்கோ பழைய பண்ணைக்கே நடந்து வந்தனர்.

1864-ம் வருஷத்துக்காகப் பிரிவி கவுன்ஸிலுக்குச் சமர்ப்பிக்கப்பட்ட சுகாதார அறிக்கையில் டாக்டர் ஹன்டர் என்பவர் இதைக் கணக்குகளால் நிரூபித்தார். 1851-க்கும் 1861-க்கும் இடையில் 821 பாரிஷ்களிலும் சிற்றூர்களிலும் ஜனங்கள் நூற்றுக்கு 5⅓ வீதம் பெருகினர். வீட்டு வசதியோ நூற்றுக்கு 4½ வீதம் குறைந்தது. அதாவது முன் 10 பேர் தங்கிய இடத்தில் 11 பேர் தங்க நேர்ந்தது. வெளியூருக்குத் துரத்தப்பட்டவர்கள் இதில் அடங்கவில்லை. அவர் பரிசீலித்த 5,375 குடிசைகளுள் 2,195-ல் படுக்கையறை ஒன்றே, 2,930-ல் இரண்டு, 250-ல் மாத்திரமே அதற்கு மேல்.

விளைந்த தீமை

வரியை மிச்சப்படுத்தியதாக எண்ணியவர்கள் வேறு வழியில் இழந்தனர். விடியுமுன் பல மைல் நடந்து வந்தவனுக்கு ஏர் பிடிக்கும் வலிமை குறைவு. நெருக்கமான வீடுகளில் ஜுர நோய்கள் எளிதிற் பரவின. நார்போக்கு ஜில்லாவில் காஸில் ஏக்கர் என்னும் திறந்த ஊரிலிருந்து பெண்களும் சிறுவரும் கும்பல்களாய் மேஸ்திரிகளின் கீழ்ச் சுற்றுப்புறப் பண்ணைகளுக்குச் சென்றனர். இம்முறையின் கேடுகளைக் கண்டே, 8 வயதுக்குட்பட்ட குழந்தைகளைக் கும்பல் வேலையில் வைக்கலாகாதென 1867-ல் சட்டம் பிறந்தது. அதற்கு முன் 1865-ல், ஏழைகளின் செலவைப் பல பாரிஷ்கள் சேர்ந்த யூனியன் முழுவதும் பொதுவாய் ஏற்கும்படி சட்டம் செய்யப்பட்டது. அதனால் குடிசையை இடிப்பதில் இருந்த லாபம் நீங்கிற்று.

ஆயினும் 1870-க்குப் பின் அயல்நாட்டுக் கோதுமை மலிவாய் வந்திறங்கியது. இயந்திரங்களும் நகரக் கூலியும் ஆட்களை நிலத்தினின்று பிரித்தன. பின்னாளில் அறைகளும் எண்ணப்பட்டன: 1891-ல் ஐந்துக்குக் குறைவாக அறையுள்ள வீடுகளிலும், 1911-ல் எல்லா வீடுகளிலும்.

படிக்கும் முறை

இக்கணக்குகளை ஆராய்வோர் ஜனத்தொகை, குடியுள்ள வீடு, காலி வீடு ஆகிய மூன்று பத்திகளையும் ஒருங்கே நோக்குதல் வேண்டும். ஜனங்கள் குறைந்து காலி வீடு மிகுந்தால், ஜனங்கள் தாமே வெளியேறினர் என்று கொள்ளலாம். வீடு குறைந்து, காலி வீடும் இன்றி, வீட்டுக்கு ஆள் மிகுந்தால், இடமின்மையே காரணம் என்று சந்தேகிக்க இடமுண்டு. அப்போது அடுத்த பாரிஷின் கணக்கையும் எடுத்துப் பார்க்க வேண்டும். இங்கே குறைந்தவர்கள் அங்கே காணப்படலாம். கணக்கெடுத்த மாதமும் கவனிக்கத்தக்கது: 1841-ல் ஜூன் மாதத்தில் எடுத்தமையால் புல்லறுப்புக்கு வந்த அயலாரும் வந்த இடத்திலேயே எண்ணப்பட்டிருக்கலாம்; 1851-ல் மார்ச்சு 30-ந் தேதி எடுக்கப்பட்டது.

1931-க்குரிய வீட்டுத்தாள்கள் 1942-ல் நெருப்புக்கு இரையாயின. 1941-ல் யுத்தத்தினால் கணக்கெடுக்கப்படவில்லை. 1921-ன் தாள்கள் 2022-ல் பொதுஜனப் பார்வைக்கு வந்தன.

உழவனுக்கு மாடு எவ்வளவு அவசியமோ, மாட்டுக்குத் தொழுவமும் அவ்வளவு அவசியம் என்பதை எவரும் அறிவர். உழைப்பாளிக்கு வீடு அதனினும் அவசியமன்றோ? தம் ஊர்க் கணக்கில் ஆட்தொகையைக் கூட்டிப் பார்க்கும் மிராசுதாரரும் உத்தியோகஸ்தரும், அதன் பக்கத்திலேயே உள்ள வீட்டுப் பத்தியையும் ஒருமுறை கூட்டிப் பார்ப்பாராக.